சாவி வாங்கும் முன் தண்ணீர் நிறுத்திப் பார்த்தீர்களா?

கேள்வி: 16 நவம்பர் 2024

பெரும்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கியிருக்கிறோம். பத்திரப்பதிவு முடிந்துவிட்டது. "வேலை முடிஞ்சாச்சு, கடைசித் தவணையைக் கட்டிட்டு சாவி வாங்கிக்கோங்க" என்று பில்டர் தினமும் போன் செய்கிறார். தை பிறந்ததும் கிரகப்பிரவேசம் வைத்துவிடலாம் என்கிறார் மாமியார். பத்திரங்களை வக்கீல் பார்த்துவிட்டார். வீட்டில் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்? "புது வீடுதானே, பார்க்க என்ன இருக்கு" என்கிறார் என் கணவர்.

17 நவம்பர் 2024

இதையே நானும் சொன்னேன், 2021 ஆகஸ்டில். மேடவாக்கம் பக்கம் 24 வீடுகள் கொண்ட அடுக்ககம், எங்களுடையது இரண்டாவது மாடி. 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். தாய்ப்பத்திரம், பட்டா, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் வரைபடம் எல்லாவற்றையும் இரண்டு வக்கீல்களிடம் காட்டினோம். அப்பா மண் பரிசோதனை அறிக்கையைக்கூடக் கேட்டு வாங்கினார். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்துவிட்டு அன்று இரவு முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கட்டுவதற்கு முன் மண்ணைப் பார்த்தார்களா என்பதுதான் எங்கே வீடு பார்க்கப் போனாலும் அவருடைய முதல் கேள்வி.

இவ்வளவும் பார்த்தோம். வீட்டைப் பார்த்தது இருபது நிமிஷம். விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவு சாத்துகிறதா. கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம்.

அக்டோபர் கடைசியில் கீழ் வீட்டு டீச்சரம்மா படியேறி வந்தார். "தம்பி, எங்க பாத்ரூம் கூரையில சொட்டுது. கொஞ்சம் வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். எங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே ஒரு சப்பாத்தி அளவுக்கு மஞ்சள் வட்டம். நடுவில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. அடுத்தது திரளக் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆனது. கீழே நீலப் பக்கெட் வைத்திருந்தார், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய வீடு அது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை இது. பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் துளையான நாணி ட்ராப்பைத் துணியும் பிளாஸ்டிக் உறையும் வைத்து அடையுங்கள். வாசலில் படித்தடுப்பு இல்லையென்றால் ஒரு வரிசை செங்கல் வைத்துச் சிமெண்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம் கழித்து வந்து கோட்டையும் பாருங்கள், கீழ் வீட்டுக் கூரையையும் பாருங்கள். இது வம்பு அல்ல. நல்ல பில்டர்கள் டைல்ஸ் ஒட்டும் முன்னால் அவர்களாகவே செய்யும் சோதனை. டைல்ஸ் ஒட்டிய பிறகு செய்வது இரண்டாம்பட்சம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

18 நவம்பர் 2024

நேற்று எழுத விட்டுப்போனது. பாத்ரூம் மட்டும் போதாது. துணி துவைக்கும் இடம், பால்கனி இரண்டிலும் தண்ணீர் நிறுத்த வேண்டும். கீழ் வீடு இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்றால் அதன் சாவியையும் அந்த இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கீழே கசிவதை யார் பார்ப்பது?

21 நவம்பர் 2024

சொன்ன அளவைவிட வீடு சின்னதாக இருக்குமா என்று கேட்ட நண்பருக்கு. ஆம், எங்களுக்கும் அது நடந்தது. 1,050 சதுர அடி என்று விற்றார்கள். டேப் பிடித்துச் சுவருக்குச் சுவர் அளந்தால் 721 வந்தது. ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரையளவு, 752 என்று இருந்தது. 31 சதுர அடி போயே போயிற்று. பால்கனியையும் சேர்த்தால்தான் கணக்கு அந்தப் பக்கம் வரும். பால்கனியும் கார்ப்பெட் ஏரியாவில் அடங்கும் என்று எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் சொன்னார்.

24 நவம்பர் 2024

மேலே 21ஆம் தேதி எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். நேற்று சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். வீடு கட்டி விற்பதை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் வருட ரெரா சட்டத்தின்படி கார்ப்பெட் ஏரியாவில் பால்கனி சேராது, வெளிச்சுவர் சேராது, குழாய்கள் போகும் சந்தும் சேராது. ஆனால் வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர்களின் கனம் சேரும். நான் சுவருக்குச் சுவர் அளந்ததால் அந்தக் கனத்தை விட்டுவிட்டேன். அதைச் சேர்த்துக் கூட்டினால் 748 வருகிறது. நாலு சதுர அடி பூச்சுக் கனத்தில் போயிருக்கும். மூன்று வருஷமாக இந்த விஷயத்தில் பில்டர் ஏமாற்றிவிட்டார் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இதில் அவர் ஏமாற்றவில்லை. அந்த நாலு பேரிடமும் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

1,050 என்பது வேறு கதை. மாடிப்படி, லிஃப்ட், நடை எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்த அளவு அது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அந்த எண்தான். வீடு ஒப்பிட வேண்டும் என்றால் கார்ப்பெட் ஏரியாவையும், பிரிபடாத மனைப் பாகமான யுடிஎஸ்ஸையும் மட்டும் வைத்து ஒப்பிடுங்கள்.

27 நவம்பர் 2024

தரை டைல்ஸுக்கு ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். ஒவ்வொரு டைலிலும் நாலு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் தட்டுங்கள். அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக, அடங்கி வரும். வெற்றிடம் இருந்தால் காலி டப்பாவைத் தட்டியதுபோல் வரும். ஒரு மணி நேரத்தில் காது பழகிவிடும். வித்தியாசமாகக் கேட்கும் இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது குடிவந்து எட்டு மாதம் கழித்து. ஏப்ரல் மாத மத்தியானம், ஹாலில் படார் என்று சத்தம். ஏதோ விழுந்துவிட்டது என்று ஓடிவந்தோம். இரண்டு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டிக் கூரை மாதிரி மேலே நின்றிருந்தன. அடியில் கலவை நாலு உருண்டையாக மட்டும் இருந்தது, நடுவெல்லாம் காலி. என் பையன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். அன்று அவன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மின்சாரத்துக்கு நிறைய எழுத வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெயின் பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும்.

1 டிசம்பர் 2024

நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. இங்கே மழை இன்னும் முழுக்க விடவில்லை. கேள்வி கேட்ட சகோதரி இதைப் படித்தால், ரோட்டில் தண்ணீர் வடிந்து வண்டி போகும் நிலை வந்ததுமே வீட்டைப் போய்ப் பாருங்கள். வெயில் அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இப்படி ஒரு நாள் இனி அடுத்த வருஷம்தான் கிடைக்கும்.

ஜன்னலின் கீழ் மூலைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் உள்பக்கம் ஓதம் ஏறியிருக்கிறதா? தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விரிசல் இருக்கிறதா? அந்த இணைப்பில் வலை வைத்துப் பூசாமல் விட்டால் முதல் கோடையில் பிளந்து முதல் மழையில் தண்ணீர் குடிக்கும். எங்கள் படுக்கையறையில் அப்படித்தான் ஆனது. மொட்டைமாடிக்கு ஏறிப் போய் தண்ணீர் குழாயை நோக்கி ஓடுகிறதா, நடுவில் குளமாக நிற்கிறதா என்று பாருங்கள். வாட்டம் சரியில்லை என்றால் மழை நாளில் மறைக்க முடியாது. லிஃப்ட் குழியையும் எட்டிப் பாருங்கள்.

அப்புறம், எதிரே டீக்கடை இருந்தால் அங்கே ஒரு டீ குடித்துக்கொண்டே 2015 டிசம்பரில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, போன வருஷம் மிக்ஜாம் புயலில் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். பழைய ஆட்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். வீடு வாங்கியாயிற்று, இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். வண்டியை எங்கே நிறுத்துவது, மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், சம்ப் மூடிக்குள் வெளித்தண்ணீர் புகுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

5 டிசம்பர் 2024

"ஒரு வருஷம்தான் கேரண்டி, பிளம்பிங்குக்கு ஆறு மாசம்தான்" என்று பில்டர் சொல்வதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்களிடமும் ஒப்பந்தத்தைத் திறந்து அதே வரியைக் காட்டினார்கள். நாங்கள் காட்டியது ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ, வேலைத் தரத்திலோ, செய்துகொடுத்த வசதிகளிலோ குறை இருப்பதைத் தெரிவித்தால் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். தூணும் தளமும் மட்டும் அல்ல, வேலைத் தரமும் அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலோங்கும் என்று 89ஆம் பிரிவு சொல்கிறது.

எங்களுக்கு அந்த ஐந்து வருஷம் 2026 ஆகஸ்டில் முடிகிறது. நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் ஒப்படைப்புக் கடிதத்தில் தேதி இருக்கிறதா என்று எல்லோரும் இன்றே எடுத்துப் பாருங்கள். தேதி இல்லாத கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கூடுவாஞ்சேரியில் நாலு தனிவீடுகள் கட்டி விற்பவரிடம் வாங்கியவர் கேட்டிருந்தார். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாமலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாமலோ இருந்தால் ரெரா பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வீடு கட்டிக் கொடுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே வருகிறது. ஆனால் அங்கே காலக்கெடு இரண்டு வருஷம். குறை தெரிந்தவுடன் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், பேசித் தீர்க்கலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

14 டிசம்பர் 2024

டீச்சரம்மா வீட்டுக் கசிவு எப்படித் தீர்ந்தது என்று கேட்டவர்களுக்கு.

இரண்டு மாதம் போன் போட்டேன். "நாளைக்கு ஆள் வரும் சார்." வரவில்லை. ஒருநாள் சைட் இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். இருபத்து நாலு வயசுப் பையன், மூன்று சைட்டை ஒருவனாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிவெடுக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை. அவனிடம் கத்தியதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன்.

2022 ஜனவரியில் 24 வீட்டில் 17 வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் கூடினோம். வீட்டுக்கு வீடு போய்க் குறைகளை எழுதி, படம் சேர்த்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கடிதத்தின் கடைசி வரி, 30 நாளில் வேலை தொடங்காவிட்டால் எழும்பூரில் ரெரா ஆணையத்தில் புகார் கொடுப்போம் என்பது. பத்தொன்பதாம் நாள் ஆட்கள் வந்தார்கள்.

வந்த கொத்தனார் செஞ்சிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தரையை உடைத்துக்கொண்டே வந்தவர் நாணி ட்ராப் அருகே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். குழாயைச் சுற்றி கான்கிரீட் வைத்து இறுக்க வேண்டிய இடத்தில் செங்கல் துண்டும், சிமெண்ட் சாக்குக் கிழிசலும் கிடந்தன. கையால் தோண்டி எடுத்தார். சுவரில் ஒரு அடி ஏற்ற வேண்டிய நீர்க்காப்புப் பூச்சு தரையோடு நின்றிருந்தது. "இந்த பில்டிங்ல நானும்தான் வேலை பார்த்தேன் சார்," என்றார். "மூணு நாள் தண்ணி கட்டிப் பார்த்துட்டு அப்புறம் மூடலாம்னு அன்னிக்கே சொன்னேன். டைல்ஸ் ஆளு காத்திருக்காங்கன்னு மறுநாளே மூடச் சொல்லிட்டாங்க."

ஆறு நாள் வேலை. கடைசியில் பூச்சு காய்ந்ததும் அவரே தண்ணீர் நிறுத்தினார். மூன்றாவது நாள் காலை நானும் அவரும் டீச்சரம்மா வீட்டுக்குப் போய்க் கூரையைத் தொட்டுப் பார்த்தோம். காய்ந்திருந்தது. டீச்சரம்மா அந்த நீலப் பக்கெட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொத்தனாருக்கு இட்லி எடுத்து வைத்தார்.

வேலை தெரிந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுக்கப்படவில்லை. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

29 டிசம்பர் 2024

பணி நிறைவுச் சான்றைப் பற்றி நான் எழுதவே இல்லையே என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி எங்களுடையது போன்ற அடுக்ககத்துக்கு அந்தச் சான்று இருந்தால்தான் நிரந்தர மின் இணைப்பு. எங்களுக்கு முதல் மூன்று மாதம் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஓடியது, யூனிட்டுக்கு அதிகக் கட்டணம். சான்றின் நகலைக் கையில் வாங்காமல் சாவி வாங்காதீர்கள்.

கார் நிறுத்தும் இடத்தைத் தனியாக விற்கலாமா என்று இங்கே நடக்கும் சண்டைக்கு ஒரு வரி. கூரையில்லாத திறந்த நிறுத்துமிடம் சட்டப்படி எல்லோருக்கும் பொது. அதைத் தனியாக விற்க முடியாது. எங்கள் அடுக்ககத்தில் வேப்பமரத்தடி இடத்துக்கு ஒருவர் ஒன்றரை லட்சம் கொடுத்திருந்தார். பிறகு சங்கத்தில் பேசி அந்த இடம் பொதுவாயிற்று. பணம் அவருக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

ஜிஎஸ்டி பற்றி: கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் சாதாரண வீட்டுக்கு 5 சதவீதம், குறைந்த விலை வீட்டு வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்தபின் விற்ற வீட்டுக்கு இல்லை.

8 ஜனவரி 2025

சகோதரிக்குத் தனியாக அனுப்பிய பதிலில் "குறைகளைச் சரிசெய்யும் வரை கடைசி ஐந்து சதவீதத்தைக் கொடுக்காதீர்கள்" என்று எழுதியிருந்தேன். இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருந்தது. வக்கீலாக இருக்கும் என் மைத்துனரிடம் கேட்டேன். தவணையை ஒப்பந்தப்படி உரிய நேரத்தில் கட்டுவது வாங்குபவரின் கடமை, தாமதித்தால் வட்டி உண்டு என்று ரெரா சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறதாம். சும்மா நிறுத்தி வைத்தால் நாம்தான் மாட்டிக்கொள்வோம்.

ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. குடியேறலாம் என்ற சான்று கிடைத்து இரண்டு மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொண்டால் போதும். "இந்த வாரமே சாவி வாங்குங்க" என்று விரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. அந்த அவகாசத்தில் தண்ணீர் நிறுத்துங்கள், நாணயத்தால் தட்டுங்கள், குறைப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். சரிசெய்யும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருப்பார்கள். அதற்குக் கீழே "இணைத்துள்ள பட்டியலில் உள்ள குறைகள் நீங்கலாக" என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் அந்தக் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம்.

19 ஜனவரி 2025

பெரும்பாக்கம் போய்விட்டு வந்தோம். சகோதரியும் அவர் கணவரும் வெள்ளிக்கிழமை காலை இரண்டு பாத்ரூமிலும் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். இன்று என்னையும் வரச் சொன்னார்கள். படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூமில் தண்ணீர் பென்சில் கோட்டை விட்டு நூலிழைதான் இறங்கியிருந்தது, அது ஆவியானதாக இருக்கும். பொதுப் பாத்ரூமில் ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. கீழ் வீட்டைத் திறந்து பார்த்தோம். கூரையில் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குக் கருமை. கணவர் ஏணி மேல் ஏறித் தொட்டார். விரலை எங்களிடம் காட்டினார், ஈரம்.

அங்கே இருந்த சைட் இன்ஜினியர் மறுத்துப் பேசவில்லை. முதலாளிக்குப் போன் போட்டு, அந்தப் பாத்ரூமை உடைத்துத் திரும்பச் செய்து தர மூன்று வாரம் என்று எழுதிக் கொடுத்தார். சோதனை முடிந்துதான் டைல்ஸ் என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார். டைல்ஸில் பதினான்கு வட்டம் போட்டோம், ஒன்பது மாற்றித் தருகிறார்களாம். மீதி ஐந்துக்குப் பேச்சு நடக்கிறது.

இந்த வாரம் வைத்திருந்த கிரகப்பிரவேசத்தைத் தள்ளிவிட்டார்கள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று சகோதரி தயங்கிக்கொண்டிருந்தார். கணவரே போன் போட்டு, "அம்மா, கீழ் வீட்டுக் கூரை நனையுது. தை கடைசிக்குள்ள வேற முகூர்த்தம் இருக்கான்னு பாருங்க" என்றார். மாமியார் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.